ஒரு சிரிஞ்சு சிறுநீர் தீர்ப்பாகாது

கருவிலிருக்கும் குழந்தையின் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருந்தால், அதன் சிறுநீர்ப்பையிலிருந்து ஊசியால் சிறிது சிறுநீர் எடுத்து, சோடியம், குளோரைடு, கால்சியம், பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் ஆகியவற்றை அளந்து பார்த்தால் போதும், சிறுநீரகம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடலாம் என்ற கருத்து கரு மருத்துவத்தில் 40 ஆண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. அளவுகள் வரம்புக்குள் இருந்தால் நல்ல சிறுநீரகம், சிகிச்சை செய்யலாம். வரம்பைத் தாண்டினால் கெட்ட சிறுநீரகம், சிகிச்சை வீண். பாடநூல் அட்டவணைகளிலும் ஆலோசனை அறைகளிலும் இந்தப் பிரிப்பு இன்றும் ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. அது ஏற்கத்தக்கதல்ல. அந்தச் சோதனை பயனற்றது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அது சொல்லாததைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, பிறக்காத குழந்தையின் உயிரையும் ஒரு குடும்பத்தின் முடிவையும் அதன்மேல் ஏற்றி வைப்பதுதான் பிழை. உடலியங்கியலும், வெளியான ஆய்வுகளின் தொகுப்பும், பிறந்தபின் இந்தக் குழந்தைகள் வளரும் விதமும் ஒருசேர இதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன.

அடைப்பும் இரண்டு ஆபத்துகளும்

சிறுநீர்ப்பைக்குக் கீழே வரும் அடைப்பு ஏறத்தாழ 10,000 பிறப்புகளுக்கு 2 அல்லது 3 என்ற அளவில் காணப்படுகிறது. ஆண் கருக்களில் சிறுநீர்ப் புறவழியின் பின்பகுதியில் சவ்வு மடிப்புகள் உருவாகி வழியை மறிப்பதே இதற்குத் தலையாய காரணம். அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919இல் இந்த மடிப்புகளை வகைப்படுத்தினார். அன்றுமுதல் இவை பின்புறவழி வால்வுகள் என்றே வழங்கப்படுகின்றன. புறவழியே உருவாகாமல் போவது அரிது, ஆனால் அதைவிடக் கொடியது.

கரு 10ஆம் வாரமளவில் சிறுநீரை உண்டாக்கத் தொடங்குகிறது. 16ஆம் வாரத்துக்குப் பின் பனிக்குட நீரில் பெரும்பங்கு கருவின் சிறுநீர்தான். வெளியேறும் வழி மறிக்கப்பட்டால் சிறுநீர்ப்பை ஊதிப் பெருத்து அதன் சுவர் தடிக்கிறது. அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களை வீங்கவைக்கிறது. பனிக்குட நீர் வற்றுகிறது. இதிலிருந்து இரண்டு தனித்தனி ஆபத்துகள் கிளைக்கின்றன. ஏறத்தாழ 16 முதல் 26 வாரம் வரை நுரையீரலின் நுண்கிளைகள் உருவாகும் காலம். அப்போது பனிக்குட நீர் இல்லாமற்போனால் நுரையீரல் போதிய அளவு வளர்வதில்லை. இது முதலாவது. இரண்டாவது, உருவாகிக்கொண்டிருக்கும் சிறுநீரகத் திசு அழுத்தத்தால் உருக்குலைவது.

இவ்விரண்டும் குழந்தையைத் தாக்கும் காலம் வேறு. பிறந்த சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நுரையீரல் குறைபாடு. சிறுநீரகக் குறைபாடோ மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வெளிப்படுகிறது. கருப்பைக்குள் இருக்கும்வரை கருவின் இரத்தத்தைச் சுத்தம் செய்வது நஞ்சுக்கொடிதான். இரண்டு சிறுநீரகங்களும் இல்லாத கருகூட அதன் உதவியால் பிரசவ காலம்வரை வளர்ந்துவிடும். நிலவும் கருத்து இந்த இரண்டு ஆபத்துகளையும் ஒரே தராசில் நிறுக்கிறது. சிறுநீரகம் பற்றிய ஓர் ஊகத்தை வைத்து, நுரையீரலைக் காக்கக்கூடிய சிகிச்சையையும் சேர்த்து மறுத்துவிடுகிறது.

வரம்புகள் பிறந்த கதை

சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹாரிசன் தலைமையிலான குழு 1980களின் தொடக்கத்தில் கருவின் சிறுநீர்ப்பாதை அடைப்புக்குக் கருப்பையிலேயே சிகிச்சை செய்யத் துணிந்தது. சிறுநீர்ப்பைக்கும் பனிக்குடத்துக்கும் இடையே மெல்லிய குழாயொன்றைப் பொருத்தி அடைப்பைச் சுற்றிச் சிறுநீரை வெளியேற்றும் ஷண்ட் முறையும் அக்காலத்தில் வந்ததே. தாய்க்கும் கருவுக்கும் ஆபத்து உண்டு என்பதால் யாருக்குச் செய்வது, யாருக்குச் செய்யாமல் விடுவது என்ற கேள்வி எழுந்தது. அது நேர்மையான கேள்வி. அதற்கு விடையாக 1985இல் அந்தக் குழுவைச் சேர்ந்த கிளிக்கும் அவருடைய சகாக்களும் அளவுகோல்களை வெளியிட்டனர். சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 100 மில்லிஈக்விவலன்டுக்குக் குறைவாகவும், குளோரைடு 90க்குக் குறைவாகவும், சவ்வூடு செறிவு 210 மில்லிஆஸ்மோலுக்குக் குறைவாகவும் இருந்தால் சிறுநீரகச் செயல்பாடு நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம்.

ஒரே மையத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய கருக்களை வைத்துப் பெறப்பட்ட தொடக்கநிலை அளவுகோல் அது. மேலும் சோதிக்கப்பட வேண்டிய கருதுகோளாகவே அது நின்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. எண்கள் நினைவில் வைத்துக்கொள்ள எளிதாக இருந்தன. அவை பாடநூலுக்குப் பாடநூல் படியெடுக்கப்பட்டு விதியாயின. எச்சரிக்கைகள் வராமலில்லை. 1987இல் வில்கின்ஸ் முதலானோரும் 1990இல் எல்டர் முதலானோரும் கருச் சிறுநீரின் உப்பு அளவுகள் வருங்காலத்தைக் கணிக்க நம்பத்தக்கவையல்ல என்று தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே அறிவித்தனர். அட்டவணை மட்டும் அப்படியே நின்றது.

அந்த எண் எதை அளக்கிறது

சிறுநீரகத்தில் இரண்டு வேலைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. வடிமுடிச்சு இரத்தத்தை வடிக்கிறது. வடிந்த நீரிலிருந்து சோடியம் போன்ற தேவையான பொருட்களை நுண்குழாய்கள் மீட்டெடுக்கின்றன. நலமான கருவின் நுண்குழாய்கள் சோடியத்தைத் திறம்பட மீட்பதால் அதன் சிறுநீர் நீர்த்துப்போனதாக இருக்கிறது. நுண்குழாய்கள் சிதைந்தால் மீட்கும் வேலை குன்றி, சிறுநீரின் சோடியம் இரத்தத்தின் அளவை நெருங்குகிறது. ஆகவே சோடியம் அளவு நுண்குழாயின் திறனைக் காட்டும் அடையாளம். பிறந்தபின் குழந்தையை வாழவைப்பது முதன்மையாக வடிமுடிச்சுகளின் எண்ணிக்கையும் வடிக்கும் வேகமும். அவற்றைச் சோடியம் அளப்பதில்லை. ஒன்று கெட்டால் மற்றதும் கெட்டிருக்கலாம் என்பது ஊகம். அந்த ஊகம் பலமுறை சரியாகவும் இருக்கும். ஆனாலும் ஊகத்தை அளவீடு என்று அழைப்பது தகாது.

இரண்டாவது சிக்கல் கருவின் வயது. முதிராத நுண்குழாயும் சோடியத்தை ஒழுகவிடுகிறது, சிதைந்த நுண்குழாயும் ஒழுகவிடுகிறது. நலமான கருவில் சிறுநீர்ச் சோடியம் வாரங்கள் ஏற ஏறக் குறைந்துகொண்டே வருகிறது. அப்படியிருக்க, 17 வாரக் கருவுக்கும் 28 வாரக் கருவுக்கும் 100 என்ற ஒரே கோட்டைப் போடுவது எப்படிப் பொருந்தும்? சிகிச்சை பற்றி முடிவெடுக்க வேண்டிய இளம் வாரங்களில்தான் இந்தக் கோடு மிகவும் தவறு செய்யும். வாரத்துக்கேற்ற இயல்பு அளவுகளோடு ஒப்பிட வேண்டும் என்று 1990களிலேயே சொல்லப்பட்டுவிட்டது. இருந்தும் ஒற்றை எண்ணே இன்றும் எடுத்தாளப்படுகிறது.

மூன்றாவது சிக்கல் எடுக்கப்படும் மாதிரியில் இருக்கிறது. ஸ்கேன் திரையைப் பார்த்தபடியே, மெல்லிய ஊசியொன்று தாயின் வயிற்றுச் சுவரையும் கருப்பைச் சுவரையும் கடந்து கருவின் புடைத்த சிறுநீர்ப்பைக்குள் இறங்குகிறது. வெளிறிய திரவம் சிரிஞ்சுக்குள் ஏறுகிறது, திரையில் பெரிதாகத் தெரிந்த கரிய வட்டம் சுருங்குகிறது. அந்தச் சிரிஞ்சில் இருப்பது அன்றைக்கு உண்டான சிறுநீர் அன்று. அடைபட்ட பையில் நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் சேர்ந்து கிடந்தது அது. மாதக்கணக்கில் தொட்டியில் தேங்கிய தண்ணீரைச் சோதித்து, ஊற்று இன்று எப்படி இருக்கிறது என்று சொல்ல முயல்வதற்கு ஒப்பானது இது. பையை வற்றவிட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குப் பின் புதிதாகச் சேர்ந்ததை எடுத்தால்தான் சிறுநீரகத்தின் அண்மை நிலை ஓரளவு தெரியும். பை மீண்டும் நிரம்புகிறதா, எவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பதுகூட ஒரு செய்தி. வேதியியல் தாளில் அதற்கு இடமேயில்லை.

நான்காவது, காலம். வடிமுடிச்சும் நுண்குழாயும் சேர்ந்த அலகுகளான நெஃப்ரான்கள் உருவாவது 34 முதல் 36 வாரம் வரை தொடர்கிறது, அவற்றில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதங்களில்தான் தோன்றுகின்றன. 20ஆம் வாரத்தில் எடுத்த மாதிரி, இன்னும் உருவாகாத நெஃப்ரான்களைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அடைப்பு நீடித்தால் அவை உருவாகாமலே போகலாம், அழுத்தம் தணிந்தால் உருவாகலாம். மாறிக்கொண்டிருக்கும் உறுப்பை நிலைத்துவிட்ட உறுப்பாகப் பாவித்துத் தீர்ப்பெழுதுவது அடிப்படையிலேயே பிழை.

ஆய்வுகள் சொல்வது

இவை வெறும் தத்துவ ஐயங்களாக நின்றிருந்தால் அனுபவம் அவற்றைத் தள்ளிவிட்டிருக்கும். அனுபவமும் இந்த ஐயங்களின் பக்கமே இருக்கிறது. 2007இல் பிரிட்டனின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மாரிஸ், கில்பி, கான் முதலானோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளை முறைப்படி தொகுத்தனர். 23 கட்டுரைகள், 572 கர்ப்பிணிகள். அவற்றுள் ஓரளவு சிறப்பாக நின்றவை கால்சியமும் சோடியமும்தான், அதுவும் வாரத்துக்கேற்ற 95ஆம் சதமானத்தைத் தாண்டியபோது. சோடியம் உயர்ந்திருந்தால் சிறுநீரகம் கெடும் என்பதற்கான சாதகவிகிதம் 4.46 மடங்கு ஏறுகிறது, உயராவிட்டால் 0.39 மடங்காகக் குறைகிறது. கால்சியத்துக்கு முறையே 6.65, 0.19. பெரிதாகப் பேசப்பட்ட பீட்டா-2 மைக்ரோகுளோபுலினுக்கு 2.92, 0.53 மட்டுமே. எந்தப் பொருளையும் எந்த வரம்பையும் மருத்துவப் பயனுக்குப் போதுமான துல்லியமுடையது என்று பரிந்துரைக்க இயலாது என்பதே அவர்கள் முடிவு.

இந்த எண்கள் ஒரு குடும்பத்துக்கு என்ன பொருள் தருகின்றன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். சோதனைக்கு முன் நல்ல வாய்ப்பும் கெட்ட வாய்ப்பும் சரிபாதி என்று கொள்வோம். சோடியம் உயர்ந்திருக்கும் 100 கருக்களில் ஏறத்தாழ 82க்குச் சிறுநீரகம் கெட்டுப்போகும். மீதி 18 கருக்களுக்குச் சிறுநீரகம் தேறும், ஆனால் கையிலிருக்கும் தாளில் கெட்டது என்று எழுதியிருக்கும். சோடியம் இயல்பாக இருக்கும் 100 கருக்களில் 28க்கு, நல்லது என்று எழுதியிருந்தும், சிறுநீரகம் கெடும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் உயர்ந்திருக்கும் 100 கருக்களில் ஏறத்தாழ 25 தேறும். நான்கில் ஒன்று, ஐந்தில் ஒன்று தவறும் அளவுகோலை உயிர் காக்கும் சிகிச்சையை மறுக்கும் ஒரே சான்றாக வைப்பது எந்த மருத்துவ அறத்துக்கும் பொருந்தாது.

இந்த எண்களேகூட உண்மையைவிட அழகாகக் காட்டப்பட்டவை என்பதற்கும் காரணம் உண்டு. பல ஆய்வுகளில் கெட்ட விளைவு என்று எண்ணப்பட்டவற்றுள் கருக்கலைப்புக்குப் பின் பிணக்கூறு ஆய்வில் திசு உருக்குலைவு காணப்பட்டவையும், பிறந்தவுடன் இறந்தவையும் அடக்கம். திசுவில் உருக்குலைவு இருந்ததால் அந்தச் சிறுநீரகம் வாழ்நாள் முழுதும் தோற்றிருக்கும் என்று உறுதிசெய்ய வழியில்லை. பிறந்தவுடன் இறந்த குழந்தை நுரையீரலால் இறந்திருக்கலாம். சோதனையின் வெற்றிக் கணக்கில் சேர்ந்ததோ சிறுநீரகத்தின் பெயர். இன்னும் கவலை தருவது ஒன்று உண்டு. அளவு கெட்டது என்றவுடன் சிகிச்சை மறுக்கப்படுகிறது. சிகிச்சை இல்லாததால் பனிக்குட நீர் வற்றுகிறது. நீர் வற்றியதால் நுரையீரல் வளராமல் குழந்தை இறக்கிறது. இறந்ததும், சோதனை சரியாகத்தான் சொன்னது என்று பதிவாகிறது. தன் கணிப்பைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் இந்தச் சுழல் உடையாதவரை அந்தச் சோதனையின் உண்மையான துல்லியம் ஒருநாளும் தெரியவராது.

பிறந்தபின் கிடைக்கும் சான்று

வால்வுடன் பிறந்த ஆண் குழந்தைகளைப் பின்தொடர்ந்த மருத்துவர்கள் ஒன்றை நன்கறிவார்கள். சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினின் இரத்த அளவு, குழந்தை பிறந்த முதல் நாளில் ஏறக்குறைய தாயினுடையதே. அந்த மூலக்கூறு நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கிறது. கருவின் இரத்தத்தில் கிரியாட்டினினை அளந்து பயனில்லை என்பதற்கும் இதுவே காரணம். பிறந்தபின் வால்வு நீக்கப்பட்டு, முதல் ஆண்டுக்குள் கிரியாட்டினின் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதுதான் நீண்டகால நிலையைக் கணிக்க இதுவரை கிடைத்த உறுதியான அடையாளங்களுள் ஒன்று. குழந்தை கண்முன் கிடக்கும்போதுகூட ஓர் ஆண்டு பொறுத்திருக்கும் மருத்துவம், கருப்பைக்குள் இருக்கும்போது ஒரே ஊசியில் அவசரப்படுவது ஏன்?

அந்த ஓராண்டுக்குப் பிறகும் கதை முடிவதில்லை. சிறுநீர்ப்பை விறைத்துப் போவது, சிறுநீர் மேல்நோக்கிப் பாய்வது, திரும்பத் திரும்பத் தொற்று ஏற்படுவது ஆகிய மூன்றும் சிறுநீரகத்தைப் பிறந்தபின்னும் அரிக்கின்றன. ஃபின்லாந்தில் வால்வு நோயாளிகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தது. அப்படிச் செயலிழந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது 17 வயதுக்குப் பிறகே நேர்ந்தது. பதின்வயதில் சிறுநீர்ப்பையை எவ்வளவு கவனமாகப் பேணினார்கள் என்பதையும் சார்ந்தது அந்த முடிவு. 20 வாரக் கருவின் சோடியம் அதை எப்படி அறிந்திருக்கும்?

எதிர்வாதங்கள்

நிலவும் கருத்தைக் காப்போர் வலுவான நான்கு வாதங்களை முன்வைக்கிறார்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய மதிப்போடு பார்க்க வேண்டும்.

ஒற்றை மாதிரிதான் குறையுடையது, தொடர் மாதிரிகள் குறையை நீக்குகின்றன என்பது முதல் வாதம். அமெரிக்காவின் டெட்ராயிட்டில் ஜான்சன், எவன்ஸ் முதலானோர் 1990களில் மூன்று முறை சிறுநீர் எடுத்து, அளவுகள் இறங்குமுகமா ஏறுமுகமா என்று பார்க்கும் முறையை வகுத்தனர். அது ஒற்றை மாதிரியைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த மேன்மையை ஏற்போர், முதல் மாதிரியைக் கொண்டு முடிவெடுக்கலாகாது என்பதையும் ஏற்றுக்கொண்டாக வேண்டும். மூன்று ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். நுரையீரல் வளரும் சாளரத்துக்குள் அந்த வாரம் கழிகிறது. ஒவ்வொரு ஊசியும் நீர்க்குடம் உடையும் ஆபத்தைத் தன்னோடு கொண்டுவருகிறது. தொடர் மாதிரி நல்ல கருவி. அதனிடமும் இறுதித் தீர்ப்பை எதிர்பார்க்கலாகாது.

பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் நேரடியாக வடிமுடிச்சைக் காட்டுகிறது என்பது இரண்டாம் வாதம். ஏறத்தாழ 11,800 டால்டன் எடையுள்ள இந்தச் சிறு புரதம் நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. ஆகவே கருவின் இரத்தத்தில் அது தேங்கினால் கருவின் சிறுநீரகம் வடிக்கவில்லை என்று பொருள். தர்க்கம் செம்மையானது. ஆனால் அந்தத் தர்க்கம் இரத்தத்துக்கு உரியது. அதைப் பெற தொப்புள்கொடி இரத்தம் எடுக்க வேண்டும், அதில் கருவை இழக்கும் ஆபத்து உண்டு. வழக்கில் அளக்கப்படுவது சிறுநீரில் உள்ள அளவு, அங்கே அது நுண்குழாயின் மீட்கும் திறனையே மறுபடியும் காட்டுகிறது. தொகுப்பாய்வில் அது சோடியத்துக்கும் பின்தங்கியதை மேலே கண்டோம்.

ஷண்ட் வைத்தாலும் சிறுநீரகம் காப்பாற்றப்படுவதில்லை, ஆகவே தேர்ந்தெடுத்துத்தான் செய்ய வேண்டும் என்பது மூன்றாவது, மிகக் கனமான வாதம். 2013இல் 'லான்செட்' இதழில் வெளியான புளூட்டோ ஆய்வு இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. 150 கர்ப்பிணிகளைச் சேர்க்கத் திட்டமிட்டு, 31 பேரோடு நிறுத்தப்பட்ட சோதனை அது. ஷண்ட் வைத்த 16 கருக்களில் 8 குழந்தைகள் 28 நாள் தாண்டின. வைக்காத 15இல் தாண்டியவை 4. வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதிப்படவில்லை. இரண்டு ஆண்டு முடிவில் இயல்பான சிறுநீரகச் செயல்பாட்டோடு இருந்தவர்கள் 2 பேர் மட்டுமே, இருவரும் ஷண்ட் வைக்கப்பட்டவர்கள். இந்த ஆய்வு சொல்வது, ஷண்ட் சிறுநீரகத்தை மீட்கும் என்று பெற்றோரிடம் உறுதி கூறலாகாது என்பதை. சிறுநீர்ச் சோதனையால் பயனடைவோரைப் பொறுக்கி எடுக்க முடியும் என்று அது எங்கும் காட்டவில்லை. ஷண்டின் முதற்பயன் பனிக்குட நீரைத் திரும்பக் கொண்டுவந்து நுரையீரலுக்கு இடம் கொடுப்பது. நுரையீரல் பற்றிய முடிவுக்குச் சிறுநீரக எண்ணை நிபந்தனையாகக் கேட்பதுதான் தருக்கப் பிழை.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. நுரையீரலோடு பிழைத்து, சிறுநீரகம் இல்லாமல் பிறக்கும் குழந்தைக்கு முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்படலாம். இரண்டு சிறுநீரகங்களும் உருவாகாத கருக்களுக்குப் பனிக்குடத்தில் தொடர்ந்து திரவம் செலுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2023இல் 'ஜாமா' இதழில் வெளியானது. உயிரோடு பிறந்த 17 குழந்தைகளில் 14 பேர் இரண்டு வாரம் தாண்டி டயாலிசிஸ் பெறும் நிலையை அடைந்தனர். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் 6 பேர். அந்தப் பாதை கொடியது, செலவு மிக்கது. அதில் நடக்க விரும்பாத பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த முடிவு பெற்றோருடையது. உறுதியற்ற ஓர் எண்ணை உறுதியானதாகக் காட்டி அவர்களுக்காக அதை எடுத்துவிடுவது வேறு.

புதிய கருவிகள் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிடும் என்பது நான்காம் வாதம். பிரான்சின் துலூஸ் குழு 2013இல் கருச் சிறுநீரில் 12 பெப்டைடுகளின் கையொப்பத்தைக் கண்டறிந்தது. 38 கருக்களில் சரிபார்த்தபோது உணர்திறன் (கெடும் சிறுநீரகத்தைக் கெட்டது என்று கண்டறியும் விகிதம்) 88 விழுக்காடும் தனித்திறன் (தேறும் சிறுநீரகத்தை நல்லது என்று கண்டறியும் விகிதம்) 95 விழுக்காடும் காட்டியது. நம்பிக்கை தரும் பணி. ஆயினும் 38 என்பது சிறிய எண்ணிக்கை. 1985இன் வரம்புகளும் இப்படிச் சிறிய எண்ணிக்கையில்தான் பளிச்சிட்டன. வெவ்வேறு நாடுகளில், முன்னோக்கிய ஆய்வுகளில், சிகிச்சை முடிவை அது தீர்மானிக்காத சூழலில் சோதிக்கப்பட்ட பின்பே அதற்கு இடம் கொடுக்க வேண்டும். பழைய பிழையைப் புதிய தொழில்நுட்பத்தில் திரும்பச் செய்வது முன்னேற்றமாகாது.

சோதனைக்கு உரிய இடம்

சோதனையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அதற்கு உரிய இடத்தில் வைக்க வேண்டும். முதலிடம் காலப்போக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் ஸ்கேனுக்கு. அதில் மூன்று செய்திகள் உள்ளன. பனிக்குட நீர் எந்த வாரத்தில் குறையத் தொடங்கியது, சிறுநீரகப் புறணி வழக்கத்தைவிட வெண்மையாகத் தெரிகிறதா, அதில் நீர்க்கட்டிகள் இருக்கின்றனவா. 20 வாரத்துக்கு முன்பே நீர் வற்றியிருந்தால் நிலைமை கடுமையானது. 26 வாரம்வரை நீர் இயல்பாக இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஸ்கேனும் தவறாதது அன்று. 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் புறணித் தோற்றத்தின் உணர்திறன் 57 விழுக்காடு, தனித்திறன் 84 விழுக்காடு. பனிக்குட நீர்க்குறைவுக்கு 63, 76. ஆனால் ஸ்கேன் ஊசியின்றிச் செய்யத்தக்கது, ஆபத்தில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யத்தக்கது, மாற்றத்தைக் கண்ணுக்குக் காட்டுவது.

இரண்டாமிடம் சிறுநீர் வேதியியலுக்கு, அதுவும் நிபந்தனைகளோடு. குறைந்தது இரண்டு மாதிரிகள், போதிய இடைவெளியோடு எடுக்கப்பட வேண்டும். வாரத்துக்கேற்ற சதமானத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும். பை மீண்டும் நிரம்பியதா என்பதும் பதிவாக வேண்டும். முடிவில் 'நல்லது', 'கெட்டது' என்ற சொற்கள் இடம்பெறக் கூடாது. சாத்தியம் ஏறக்குறைய எத்தனை விழுக்காடு, தவறுவதற்கு எவ்வளவு இடம் உண்டு என்பதே எழுதப்பட வேண்டும். கரு மருத்துவ நிபுணர் ரொட்ரிகோ ருவானோ முன்வைத்த படிநிலை முறை நீர் அளவு, சிறுநீரகத் தோற்றம், சிறுநீர் வேதியியல் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பதால் ஒற்றை எண்ணைவிடப் பொறுப்பானது. அதிலும் இறுதிப் படியைச் சிறுநீர் மாதிரி ஒன்றால் மட்டும் நிர்ணயிக்கலாகாது.

இந்தியப் பெற்றோருக்கு இதன் பொருள்

இந்தியாவில் இந்தக் கேள்வி சட்டத்தோடும் பின்னியிருக்கிறது. 2021இன் கருக்கலைப்புத் திருத்தச் சட்டத்தின்படி, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் கண்டறிந்தால் 24 வார வரம்பு பொருந்தாது. அந்த வாரியத்தில் மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் அல்லது கதிரியக்க நிபுணர் ஆகியோர் இருக்க வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. குழந்தைகள் சிறுநீரக நிபுணர் இருந்தாக வேண்டும் என்று அது கூறவில்லை. சிறுநீர்ப்பாதை அடைப்பு பற்றிய வழக்கில் அவர் இல்லாமல் வாரியம் கூடுவது முறையல்ல. கருவின் சிறுநீரகம் எப்படிப் போகும் என்பதைப் பிறந்தபின் பல ஆண்டுகள் பார்த்தவர் அவர்தான். கலைப்பு தேவைப்படும் குடும்பத்துக்கு அந்த உரிமை குறையின்றிக் கிடைக்க வேண்டும். தொடர விரும்பும் குடும்பத்துக்குத் தவறான உறுதியோடு வழி அடைக்கப்படவும் கூடாது. இரண்டுக்கும் ஒரே தேவை, தாளில் உள்ள எண் எவ்வளவு தெரிவிக்கிறது, எவ்வளவு தெரிவிக்கவில்லை என்று சொல்லும் நேர்மை.

ஸ்கேன் அறிக்கை எழுதுவதிலும் சட்டக் கவனம் தேவை. அதில் அடைப்பு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எழுதினால் போதும். வால்வு என்பதைப் பிறப்பதற்கு முன் உறுதிசெய்வது அரிது. அது ஆண் கருவில் மட்டுமே வருவதால், அப்படி எழுதுவது கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதாகி, அதைத் தடைசெய்யும் 1994இன் சட்டத்துக்கும் முரணாகும்.

தொகுத்துச் சொன்னால் நிலைமை இது. கருச் சிறுநீரின் வேதியியல் நுண்குழாயின் நிலையை, ஒரு குறிப்பிட்ட நாளில், ஓரளவு துல்லியத்தோடு காட்டுகிறது. வடிமுடிச்சுகளின் எண்ணிக்கையையோ, இன்னும் உருவாகாத நெஃப்ரான்களையோ, நுரையீரலையோ, பிறந்தபின் சிறுநீர்ப்பை நடந்துகொள்ளப்போகும் விதத்தையோ அது காட்டுவதில்லை. ஸ்கேன் வரலாற்றோடு சேர்த்து, வாரத்துக்கேற்ப ஒப்பிட்டு, சாத்தியக்கூறாகச் சொல்லப்பட்டால் அது பெற்றோருக்கு உதவும் சான்றுகளில் ஒன்று. கருப்பைச் சிகிச்சையை மறுப்பதற்கோ, கர்ப்பத்தை முடிக்கச் சொல்வதற்கோ தனித்து நிற்கும் தகுதி அதற்கு இல்லை. அந்தத் தகுதியை அதற்குக் கொடுத்துவரும் அட்டவணைகள் பாடநூல்களிலிருந்து நீக்கப்பட வேண்டும்.